ஜெல்லிஃபின்: வீட்டு வீடியோ சர்வர் படங்களை அடுக்கும் விதம்

வீட்டுக் கணினி ஒன்றில் சேர்த்து வைத்த படங்களையும் தொடர்களையும் தொலைக்காட்சி, கைபேசி, மடிக்கணினி என்று எதில் கேட்டாலும் எடுத்துத் தரும் சர்வர் மென்பொருள் ஜெல்லிஃபின். எம்பி என்ற மென்பொருள் தன் மூல நிரலை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து கிளை பிரிந்து கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது.

ஸ்கேன் செய்யும்போது ஜெல்லிஃபின் படக்கோப்புகளை இடம் மாற்றுவதில்லை, பெயர் மாற்றுவதும் இல்லை. அவை வட்டில் எந்த ஃபோல்டரில் கிடந்தனவோ அங்கேயே கிடக்கும். அது பராமரிப்பது அவற்றைப் பற்றிய பதிவேட்டைத்தான்.

எந்த ஃபோல்டரில் திரைப்படங்கள், எதில் தொடர்கள் என்று ஒருமுறை காட்டிவிட்டால் ஸ்கேன் தொடங்கும். படத்தை அடையாளம் காணப் பெரிதும் உதவுவது கோப்பின் பெயர். ‘பில்லா’ என்று மட்டும் இருந்தால் 1980இல் ரஜினிகாந்த் நடித்ததா, 2007இல் அஜித் நடித்ததா என்று அது ஊகிக்கத்தான் வேண்டும். ‘பில்லா (2007)’ என்று ஆண்டையும் சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது. தொடர்களுக்கு சீசன் எண்ணும் எபிசோடு எண்ணும் பெயரிலேயே வேண்டும். போஸ்டர் மாறி வந்தால் மென்பொருளைத் திட்டும் முன் கோப்பின் பெயரைப் பார்த்துவிடுவது நல்லது.

எஃப்எஃப்புரோப் என்ற கருவி கோப்பைத் திறந்து, கோடெக் (படத்தையும் ஒலியையும் சுருக்கிய முறை), ரெசல்யூஷன், ஒலித்தடங்கள், சப்டைட்டில், ஓடும் நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறது. கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் போஸ்டரும் டிஎம்டிபி போன்ற இணையத் தரவுத்தளங்களிலிருந்து வருகின்றன. விவரங்கள் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் பதிவாகும். அவற்றைப் படத்தின் பக்கத்திலேயே என்எஃப்ஓ என்னும் சிறு உரைக்கோப்பாகவும் எழுதி வைக்கச் சொல்லலாம். கையால் திருத்திய தலைப்பும் குறிப்பும், சர்வரை மறுபடி நிறுவினாலும் இதனால் தப்பிப் பிழைக்கும்.

யார் எதை எதுவரை பார்த்தார்கள் என்பதும் பதிவேட்டில் உண்டு. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு. அமைப்பை மாற்றாமல் விட்டால், 5 சதவீதம் தாண்டும் முன் நிறுத்திய படம் தொடங்கியதாகவே கருதப்படாது. 90 சதவீதம் கடந்தால் பார்த்து முடித்ததாகக் குறிக்கப்படும்.

புதுக் கோப்பு வந்தால் லினக்ஸில் ஐநோட்டிஃபை என்ற வசதி தகவல் சொல்லும். இன்னொரு கணினியின் வட்டை நெட்வொர்க் வழியே இணைத்திருந்தால் அந்தக் கணினியில் நடக்கும் மாற்றம் இதன் கண்ணில் படாது; குறித்த நேரத்தில் நடக்கும் ஸ்கேன்தான் கைகொடுக்கும். வெளி ஹார்ட் டிஸ்க் கழன்றிருக்கும்போது ஸ்கேன் ஓடினால் எல்லாப் படமும் அழிந்ததாக எண்ணிப் பதிவேட்டையே காலிசெய்துவிடும் அபாயம் உண்டு. அதனால்தான் காலியாகவோ எட்டாமலோ இருக்கும் ஃபோல்டரை ஜெல்லிஃபின் தொடாமல் தாண்டிப்போகிறது.

பிளே பொத்தானை அழுத்தியதும் குறித்து வைத்த கோடெக் விவரம் பயன்படுகிறது. பார்க்கும் கருவிக்கு அந்த வடிவம் தெரியுமென்றால் கோப்பு அப்படியே போகும். படத்தையும் ஒலியையும் ஒன்றாகப் பொதிந்திருக்கும் எம்கேவி உறை மட்டும் ஒத்துவரவில்லை என்றால் உறையை மாற்றினால் போதும். கணினிக்கு அது பெரிய வேலையில்லை. கோடெக்கே தெரியாவிட்டால்தான் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி படத்தை உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்றி, சில விநாடித் துண்டுகளாக அனுப்ப வேண்டிவரும். 4கே படமென்றால் இதில் சிபியு திணறிவிடும். இன்டெல் குவிக்சிங்க் போன்ற வன்பொருள் உதவி வேண்டும். பழைய கணினியில் சர்வர் நடத்துபவர்கள் பெரும்பாலான கருவிகளுக்குப் பழகிய ஹெச்.264 வடிவத்திலேயே படங்களைச் சேர்த்து வைப்பது இதற்காகத்தான்.