சாரல் குளிருக்கு எத்தனை லிட்டர் ஹீட்டர் வாங்கலாம்? வாளிக் கணக்கு போட்டால் கரண்ட் பில் மிச்சம்!

பண்பொழி:

சாரல் சீசன் வந்தாலே திருமலைக்கோவில் அடிவாரத்தில் காலையில் தண்ணியைத் தொட முடியாது. முன்னே அண்டாவிலும் தாமிர பாய்லரிலும் விறகு வச்சு வெந்நீர் போட்டார்கள். இப்போது பல வீடுகளில் கரண்ட் ஹீட்டர்தான். ஆனால் 3 லிட்டரா, 15 லிட்டரா, 25 லிட்டரா என்பதில்தான் குழப்பமே!

"பெருசா இருந்தா நல்லது" என்று வாங்குவது தப்பு. வீட்டில் அடுத்தடுத்து எத்தனை வாளி வெந்நீர் வேண்டும் என்பதுதான் கணக்கு.

தொட்டித் தண்ணி 25 டிகிரி என்று வச்சுக்குவோம். ஹீட்டரில் 60 டிகிரிக்கு சுடும் தண்ணியில் 9 லிட்டர் எடுத்து, 11 லிட்டர் பச்சைத் தண்ணி விளாவினால் 20 லிட்டர் வாளி நிறையும். குளிக்க இதமான 40 டிகிரி சூடு கிடைக்கும்.

அப்படிப் பார்த்தால் 15 லிட்டர் ஹீட்டரில் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2 வாளி தேறும். 25 லிட்டரில் 3 வாளிக்குக் கொஞ்சம் குறைவு. 2 ஆயிரம் வாட் ஹீட்டர் என்றால் 15 லிட்டர் சுட 20 நிமிஷம், 25 லிட்டர் சுட அரை மணி நேரம் ஆகும்.

நாலு பேர் உள்ள வீட்டில் இரண்டு பேர் குளித்ததும் 20 நிமிஷம் பொறுத்தால் அடுத்த இரண்டு பேரும் குளிக்கலாம். அதற்கு 15 லிட்டரே தாராளம். ஷவரில் குளிப்பவர்கள், ஒரே நேரத்தில் பள்ளிக்கூடம், ஆபீஸ் கிளம்புகிற பெரிய குடும்பத்துக்கு 25 லிட்டர் சரி. 3 லிட்டர் ஹீட்டர் பாத்திரம் கழுவ ஆகும். அதில் 3 ஆயிரம் வாட் இருந்தாலும் ஒரு வாளி நிறைய 6, 7 நிமிஷம் ஆகிவிடும்.

செலவு எவ்வளவு? 15 லிட்டர் ஒரு தடவை சுட சுமார் 0.6 யூனிட், 25 லிட்டருக்கு 1 யூனிட். தினமும் ஒரு தடவை போட்டாலே இரண்டு மாச பில்லில் 36 யூனிட்டுக்கும் 60 யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். உபயோகிக்காத வெந்நீர் ஆறிப்போனால் அந்தக் காசு வீண்தான்.

சோலார் ஹீட்டர் நல்லதுதான். ஆனால் வெந்நீர் அதிகம் தேவைப்படும் சாரல் நாளில்தான் வெயில் இருக்காது. அதனால் கரண்ட் வசதியும் சேர்ந்த மாடலாகப் பார்க்க வேண்டும்.

2 ஆயிரம் வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் வயர் உருகித் தீப்பிடிக்கலாம். பெரிய பவர் பிளக், தனி வயர், சரியான எர்த் கட்டாயம்.

கேஸ் ஹீட்டர் வைப்பவர்கள் உஷார்! அடைத்த குளியலறையில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையும் தெரியாது, நிறமும் தெரியாது, மயங்கி விழுந்து உயிரே போய்விடும். குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் மாட்ட வேண்டும்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு நாள் காலையில் எத்தனை வாளி என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் லிட்டரை முடிவு செய்யுங்கள்.