வேண்டுமென்றே இடித்தால் அது விபத்தா?

சாலையும் சட்டமும் – 11

அரசு மருத்துவமனை, இரவு ஒன்பதரை மணி. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போன 28 வயது இளைஞர் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ட்யூட்டி டாக்டர் கேட்கிறார்: "எப்படி அடிபட்டது?" கூட வந்த மச்சான் பதற்றத்தோடு சொல்கிறார்: "பைக்ல வந்தாப்ல சார், கார்க்காரன் தட்டிட்டான். ஆக்சிடென்ட்." டாக்டர் அதை அப்படியே ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்.

நடந்தது அதுவல்ல. பைபாஸில் வழிவிடவில்லை என்று காருக்கும் பைக்குக்கும் இரண்டு கிலோமீட்டருக்குத் தகராறு. கார் முந்திப்போய் சடன் பிரேக் போட்டு மிரட்டியது. பிறகு பக்கத்தில் வந்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, பைக்கைத் தடுப்புச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டுப் போய்விட்டது. மச்சான் அந்த இடத்திலேயே இல்லை. போன் வந்து ஓடிவந்தவர். ஆனால் பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது, அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வரியைத்தான்.

சில சமயம் அந்த வரி பதற்றத்தில் வருவதில்லை, யோசித்தே சொல்லப்படுகிறது. "வேணும்னே இடிச்சான்னு சொல்லிடாதப்பா, இன்சூரன்ஸ் வராது" என்று காதில் ஓதுவதற்கு மருத்துவமனை வாசலில் எப்போதும் யாராவது ஒருவர் இருக்கிறார். இந்த வாரம் அந்த ஆலோசனையைத்தான் பிரித்துப் பார்க்கப்போகிறோம். அது முழுப் பொய்யில்லை. அதனால்தான் ஆபத்தானது.

மோட்டார் வாகனச் சட்டம் நஷ்டஈடு தருவது, வாகனத்தின் உபயோகத்தால் நேர்ந்த விபத்துக்கு. கோபத்தில் குறிபார்த்து இடித்ததை விபத்து என்று எப்படிச் சொல்வது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும். கேள்வி புதிதல்ல. 1995-இல் நாகாலாந்தின் திமாப்பூரில் ஓர் ஆட்டோவைச் சவாரிக்கு அமர்த்திச் சென்றவர்கள், ஓட்டுநரைக் கொன்றுவிட்டு ஆட்டோவைக் கொண்டுபோய்விட்டார்கள். கொலை எப்படி விபத்தாகும் என்று கம்பெனி வாதாடியது. கவுகாத்தி உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிப்போட்டது. செய்தவர்களின் முதன்மை நோக்கம் எது என்று பார்க்கச் சொன்னது. அந்த ஆளைக் கொல்வதே குறியாக இருந்தால் அது வெறும் கொலை. ஆட்டோவைத் திருடுவது குறி, அந்தப் போக்கில் உயிர் போனது என்றால், இறந்தவரைப் பொறுத்தவரை அது விபத்துதான். குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைத்தது.

சாலைச் சண்டை வழக்குகளில் இதே தீர்ப்பை இரு தரப்பும் தூக்கிக்கொண்டு வருவதுதான் வேடிக்கை. ஆளைக் குறிவைத்து இடித்தார், ஆகவே விபத்தல்ல என்பார் கம்பெனி வக்கீல். முன்பின் தெரியாத இருவர், பகை கிடையாது, வண்டி ஓட்டியதில் பிறந்த கோபம், வண்டியாலேயே வந்த காயம், இது வாகன உபயோகம் இல்லாமல் வேறென்ன என்பார் அடிபட்டவரின் வக்கீல். இரண்டாவது வாதமே சரி என்பது என் கருத்து. வண்டியின் 'உபயோகம்' என்ற சொல்லை நீதிமன்றங்கள் வெகுகாலமாகவே விரித்துத்தான் படித்து வருகின்றன. கம்பெனி எந்தெந்தக் காரணம் சொல்லிக் கைகழுவலாம் என்று சட்டத்தின் 150-ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. லைசென்ஸ் இல்லாதது, குடிபோதை போன்றவை அதில் உண்டு. ஓட்டியவரின் கோபம் இல்லை. லைசென்ஸ் இல்லாத வழக்குகளில்கூட, முதலில் அடிபட்டவருக்குக் கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள் என்று கம்பெனிக்கு உத்தரவு போடுவது வழக்கத்தில் இருக்கிறது.

கவனியுங்கள், நான் பேசுவது வண்டியால் வந்த காயத்தைப் பற்றி. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி வந்து கையால் அடித்தால் கணக்கு மாறிவிடும். 1988 டிசம்பர் 27 அன்று பாட்டியாலாவில் நடந்தது அதுதான். நடுரோட்டில் நின்ற ஜிப்ஸியை நகர்த்தச் சொன்ன 65 வயது முதியவர் ஒருவர், காரிலிருந்து இழுத்துத் தாக்கப்பட்டு இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து. 1999-இல் விடுதலை. 2006-இல் உயர் நீதிமன்றத்தில் 3 ஆண்டு சிறை. 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் அது வெறும் 1,000 ரூபாய் அபராதமாகச் சுருங்கியது. குடும்பம் விடவில்லை, சீராய்வு மனு போட்டது. 2022 மே மாதம், உடல் வலுவுள்ள விளையாட்டு வீரரின் கையே ஆயுதமாகலாம் என்று சொல்லி ஓராண்டு கடுங்காவல் விதித்தது அதே நீதிமன்றம். சம்பவம் நடந்து 33 ஆண்டுகள் ஓடியிருந்தன. இப்படிப்பட்ட அடிக்கு வாகன விபத்துத் தீர்ப்பாயம் உதவாது. நஷ்டஈடு வேண்டுமென்றால் சிவில் வழக்கு, அல்லது குற்ற வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம் தண்டனையோடு சேர்த்துப் போடும் இழப்பீட்டு உத்தரவு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகப் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்திலும் கேட்கலாம்.

நம் இளைஞருக்கு வருவோம். மச்சானின் வரியை நம்பி போலீஸ் எப்.ஐ.ஆர். போட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகள்தான் வரும். கண்மூடித்தனமாக வண்டி ஓட்டியது, அதனால் கொடுங்காயம். அதிகபட்சம் மூன்று ஆண்டு. நடந்ததை நடந்தபடி சொன்னால் 109-ஆவது பிரிவு, கொலை முயற்சி. காயமும் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். நம் சட்டத்தில் 'சாலைச் சண்டை' என்று தனிக் குற்றமே கிடையாது என்பதால், எந்தப் பிரிவு என்பதை முதல் வாக்குமூலம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

அப்படியானால் ஏ.ஆரில் தவறாக ஏறிய வரி? அதை அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டாம். நினைவு தெளிந்ததும் காயம்பட்டவரே போலீசிடம் முழு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். முதலில் சொன்னவர் சம்பவத்தைப் பார்க்காதவர் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். பைபாஸ் ஓரத்துக் கடைகளின் சி.சி.டி.வி. பதிவு சில நாட்களில் தானாகவே அழிந்துவிடும். ஆகவே அதைக் கைப்பற்றச் சொல்லி அன்றே எழுத்தில் கொடுங்கள். பென்டிரைவில் நீங்களே வாங்கி வைத்தால் மட்டும் போதாது. மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் இல்லாமல் கோர்ட்டில் அது ஏறாது.

ஒரு வாக்குமூலம் கொலை முயற்சி என்றும், தீர்ப்பாயத்தில் போடும் நஷ்டஈட்டு மனு (எம்.சி.ஓ.பி.) கவனக்குறைவான விபத்து என்றும் சொன்னால் முரண்படாதா என்று வாசகர்கள் கேட்கலாம். முரண்படும், பொய் எழுதினால். மனுவிலும் நடந்ததையே எழுதிவிட்டு, இது வாகன உபயோகத்தால் வந்த காயம் என்று கோருவதில் எந்தத் தவறும் இல்லை. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்துக்கு, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். ஓட்டுநர் விடுதலையானாலும் நஷ்டஈடு விழுந்துவிடாது என்பதை, பேருந்து நிறுவனம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை இழுத்த வழக்கில் 1980-லேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் சொல்லிவிட்டார். ஒன்றுதான் இடிக்கும். நம் இளைஞரும் விரட்டிப்போய் மிரட்டியிருந்தால், அவர் பங்கு இத்தனை சதவீதம் என்று தொகையில் கழிப்பார்கள்.

தொகை எப்படி வருகிறது? அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று வைப்போம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. வருடத்துக்கு 2,52,000. 28 வயதுக்குப் பெருக்கல் எண் 17. ஆக 42,84,000. இதில் ஊனத்தால் இழந்த சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதமோ அதுதான் வருமான இழப்பு. மெடிக்கல் போர்டு 40 சதவீதம் ஊனம் என்று எழுதினால் 17,13,600 ரூபாய். ஆனால் போர்டு அளப்பது காலை. தீர்ப்பாயம் அளக்க வேண்டியது பிழைப்பை. குந்தி உட்கார முடியாதவர் டைல்ஸ் ஒட்ட முடியாது. அதை நிரூபித்து 60 சதவீதம் என்று வாங்கினால் 25,70,400. இடதுகை போனால் தச்சருக்குப் பிழைப்பே போகும், அரசு குமாஸ்தாவுக்கு வேலை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் விளக்கியதை இந்த இடத்தில் வக்கீல்கள் மறந்துவிடுகிறார்கள். மருத்துவச் செலவு, வலி, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு எல்லாம் இதற்கு மேல்.

இடித்தவன் யாரென்றே தெரியாமல் தப்பிவிட்டால் கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் மட்டும்தான். அதனால் வண்டி எண்ணைப் பிடித்துக்கொடுக்கும் ஒரு சாட்சி பல லட்சத்துக்குச் சமம்.

மனுவை அடிபட்டவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு வந்திருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆனாலும் அவற்றை நம்பிக் கெடுவைத் தாண்டாதீர்கள். ஸ்டேஷனில் "ஐம்பதாயிரம் வாங்கிக்கோ, இனி எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு எழுதிக்கொடு" என்று பேப்பர் நீட்டுவார்கள். கையெழுத்துப் போடும் முன் மேலே போட்ட கணக்கை ஒருமுறை பாருங்கள். லோக் அதாலத்தில் முடித்துக்கொள்வது வேறு சங்கதி. அங்கே முடித்ததற்கு அப்பீல் கிடையாது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)