மேடு பள்ளத்தை விழுங்கும் எண்ணெய்

ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை அங்கிருந்து ஆந்திராவுக்குள் நுழைந்துவிடும். அந்தத் தார்ச்சாலையை விட்டு ஏரிக்கரைப் பக்கம் இறங்கினால் வேறு உலகம். வண்டித்தடம், காய்ந்த சேற்றில் பதிந்த குளம்புக் குழி, நடுவே திடீரென்று மணல். பைக்கில் நூறு மீட்டர் போவதற்குள் வழியிலிருந்த கல் எத்தனை என்று முதுகெலும்பு கணக்குச் சொல்லும்.

இப்படிப்பட்ட தடத்துக்கென்றே பிறந்ததுபோல் ஒரு வண்டி உண்டு: நான்கு பருத்த சக்கரங்களும் பைக்கின் கைப்பிடியும் கொண்ட குவாட். ஆனால் 1985-இல் வந்த சுசுகி எல்டி250ஆர், அடுத்த ஆண்டு வந்த ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர் போன்ற பழைய ஸ்போர்ட் குவாட்கள் பந்தயத்துக்காகச் செய்யப்பட்டவை. மேட்டிலிருந்து பறந்து தொப்பென்று விழுந்தாலும் தாங்க வேண்டும். அந்த விறைப்போடு காட்டுத்தடத்தில் மெதுவாகப் போனால், சின்னக் கல்கூட மணிக்கட்டை உலுக்கும். இந்த விறைப்பைத் தளர்த்துவது எப்படி?

டயரிலிருந்து தொடங்குவோம். கால்பந்துக்குள் குறைந்தது 8.5 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வேண்டும் என்கிறது ஆட்ட விதி. பைக் டயருக்கு 25-க்கு மேல். குவாட் டயருக்கோ 4 அல்லது 5 போதும்! கால்பந்தைவிடத் தொளதொளப்பான டயர்கள்தாம் ஆளும் வண்டியுமாக 250 கிலோவைச் சுமக்கின்றன. சிறு கல்லைத் தன் வயிற்றுக்குள்ளேயே வாங்கி அமுக்கிவிடும் வித்தை அதனால்தான் வருகிறது. வழக்கமான காற்று மீட்டர்கள் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. இதற்கென்று உள்ள சிறிய மீட்டரை வாங்கிக்கொள்வது நல்லது.

டயரால் விழுங்க முடியாத கல், சுருள்வில்லிடம், அதாவது ஸ்பிரிங்கிடம், போகிறது. ஸ்பிரிங் அமுங்கும்போது கம்பி வளைகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் பிழியப்படும் ஈரத்துணிபோல அது முறுக்கிக்கொள்கிறது. முறுக்கை எதிர்க்கும் வலு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். மற்ற அளவுகளை மாற்றாமல் 10 மி.மீ. கம்பியை 11 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஸ்பிரிங்குகள் சவாரியில் பகலும் இரவுமாக வேறுபடுவது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கை. ஒரு ஸ்பிரிங்கின் தலையில் இன்னொரு குட்டி ஸ்பிரிங்கை வைத்தால் மொத்தமும் இன்னும் மென்மையாகும். ஒரே பாரம் இரண்டையும் அமுக்குவதால் இறக்கம் கூடுகிறது. குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு வளையம் குட்டியைத் தடுத்து நிறுத்தும். அதன்பின் பெரியது மட்டும் விறைப்பாக எதிர்க்கும். கூழாங்கல்லுக்குப் பஞ்சு, பெரும்பள்ளத்துக்குப் பாறை. தடத்தில் ஓட்டுபவர்கள் இந்த அடுக்கைத் தேடி வாங்குவது சும்மா இல்லை.

ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம்: வாங்கியதை அப்படியே திருப்பித் தந்துவிடும். தனியே விட்டால் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும். 250 கிலோ, அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் 1,225 ஜூல் ஆற்றல். அரை டம்ளர் தண்ணீரை 3 டிகிரி சூடாக்க அது போதும். நான்கு சக்கரத்திலும் இந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய். ஏசி அறைக் கதவு அடித்துச் சாத்தாமல் மெல்ல மூடுகிறதே, அதே தத்துவம்: எண்ணெயைச் சிறு துளை வழியே திணறிப் போகவைப்பது. இதற்குத் தணிப்பு என்று பெயர்.

துளையின் வாசலில் காவல் நிற்பவை எஃகு வில்லைகள். அப்பளம்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சில வில்லைகளின் தடிமன் 0.1 மி.மீ., ஏறக்குறைய ஒரு தாள் அளவு. எண்ணெய் வேகமாகப் பாய்ந்தால் அவை வளைந்து வழிவிடும். 0.1 மி.மீ. வில்லைக்குப் பதில் 0.15 மி.மீ. போட்டால் அந்த வில்லை மூன்று மடங்குக்கு மேல் விறைக்கும். பந்தய ஷாக்கைத் தடத்துக்கு மாற்றும் மெக்கானிக்கின் கைத்திறன் பெரும்பாலும் இந்த அடுக்கை மாற்றுவதில்தான் இருக்கிறது.

அடித்துக் கலக்கிய எண்ணெய் நுரைத்தால் எல்லாம் வீண். நுரை சுலபமாக அமுங்கும், தணிக்காது. பிரான்சின் பொறியாளர் டி கார்பன் 1953-இல் இதற்கு வழி கண்டார். எண்ணெயை மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் பிரித்து, அதற்கு அப்பால் நைட்ரஜனை அழுத்தி அடைத்தார். அந்த அழுத்தத்தில் எண்ணெயில் குமிழி எழுவது அரிது. முப்பது வருட ஷாக்கில் வாயு கசிந்து, சீலும் காய்ந்திருக்கும். புதுப் பாகம் வாங்கும்முன் எண்ணெய், சீல், நைட்ரஜன் மூன்றையும் புதுப்பித்தாலே பாதி நோய் தீரும்.

இந்தக் கதையில் நம் பக்கத்து ஊருக்கும் பங்குண்டு. பெரும்பாலான பைக்குகளின் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பூட்டியிருந்த 1948-இல், பின்சக்கரத்தைத் தாங்கி ஊசலாடும் கையும் எண்ணெய் ஷாக்கும் கொண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் முன்மாதிரி, இங்கிலாந்தில் கரடுமுரடான தடத்துப் போட்டியில் இறங்கியது. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த ஆறு நாள் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கம். 1955-இல் அமைந்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், இதே புல்லட்டைத் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கியது. சேற்றுத் தடத்தில் தேர்ந்த தொழில்நுட்பம் ஆரம்பாக்கத்துக்குத் தெற்கே, அதே கடலோரத்தில் குடியேறியது.

உங்களிடம் பழைய குவாட் இருந்தால் செலவு செய்யும்முன் ஒரு டேப்பை எடுங்கள். சக்கரங்கள் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, அச்சுக்கும் சட்டத்துக்கும் இடைத்தூரத்தை அளக்கவும். பிறகு இறக்கி, முழு உடையோடு உட்கார்ந்து, நண்பரை மீண்டும் அளக்கச் சொல்லவும். சக்கரத்தின் மொத்த அசைவு 24 செ.மீ. என்றால், வித்தியாசம் ஏறத்தாழ 8 செ.மீ. இருக்க வேண்டும். அதைவிட மிகக் குறைந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு விறைப்பு. மிக அதிகமென்றால் தளர்ச்சி. முதலில் இந்த எண்ணைச் சரிசெய்யுங்கள். கடைக்குப் போவது அதற்கு அப்புறம்.