பேசப் பிந்தும் பிள்ளை

“தகப்பனும் பிந்தித்தான் பேசினார், இவனும் பேசுவான்” என்று பொறுத்திருக்கும் பெற்றோர் பலர். “வீட்டில் தமிழ், வெளியில் சிங்களம், பிள்ளை குழம்பிவிட்டது” என்பதும் கண்டிப் பகுதியில் கேட்கும் பேச்சே. இரு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. பிள்ளைக்கு இரு மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்தே எண்ணவேண்டும்.

2 வயதில் “அம்மா வா” என இரு சொல் சேர்க்காத பிள்ளையையும், 3 வயதில் பிறருக்குப் பேச்சு விளங்காத பிள்ளையையும் முன்பள்ளி ஆசிரியை கவனிக்க வேண்டும். பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? சைகையின்றிச் சொன்னதைச் செய்கிறதா? காதில் சீழ் வடிகிறதா? இவற்றைக் குறித்துப் பெற்றோரிடமும் மருத்துவமாதுவிடமும் சொல்லுங்கள். கேளாத பிள்ளை பேசப் பழகாது. எனவே முதலில் செவிப் பரிசோதனை. அதற்குப் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையில் விசாரிக்கலாம்.

களனிப் பல்கலைக்கழகம் 1997இல் பேச்சுச் சிகிச்சைப் பயிற்சியை ஆரம்பித்தது. ஆயினும் தமிழில் சிகிச்சை அளிப்போர் இன்னும் குறைவே. ஆகையால் வகுப்பறை உதவி முக்கியம். பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பேசுங்கள். “பந்து” என்றால் “பெரிய பந்து” என ஒரு சொல் கூட்டுங்கள். பதிலுக்குச் சற்றுப் பொறுங்கள். “சொல்லு, சொல்லு” என நெருக்காதீர்கள். மற்றப் பிள்ளைகள் சிரிக்கவும் இடம் கொடாதீர்கள்.

பதிலுக்குக் காத்திருப்பது நல்லது. பரிசோதனைக்குக் காத்திருப்பது நல்லதன்று.