கடைசி வேகன் வரை

பயணிகள் ரயிலுக்குக் கால அட்டவணை இருக்கிறது. கூட்ஸ் வண்டிக்குப் பெரும்பாலும் கிடையாது. சரக்கு ஏறி முடிந்து, என்ஜினும் ஆளும் கிடைத்து, முன்னால் பாதை காலியானால்தான் அது கிளம்பும். கிளம்பிய பிறகும் பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் லூப் லைனில் ஒதுங்கி நின்றாக வேண்டும். அதனால்தான் கூட்ஸ் வண்டிகளைப் பார்க்கவும் படமெடுக்கவும் விரும்புகிறவர்கள் ஒரு மாலைப் பொழுதையே அதற்கென்று ஒதுக்க வேண்டியிருக்கிறது. அரக்கோணத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ஒரு பிளாட்பார முனையில் கேமராவோடு காத்திருப்பவரைப் பார்த்தால், வேலையற்ற வேலை என்றே பலருக்கும் தோன்றும். நம் உணவும் மின்சாரமும் எந்த வழியாக, எப்படி வருகின்றன என்பதற்குப் பொதுமக்கள் தாங்களே உண்டாக்கும் ஆவணங்களில் இது முக்கியமானது என்பது என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கேமரா என்ஜினோடு நின்றுவிடக் கூடாது.

ஓடும் வண்டியை உற்றுப் பார்ப்பது ரயில்வேயிலேயே ஒரு கடமை. வண்டி கடக்கும்போது கேட்கீப்பரும் நிலைய ஊழியரும் பச்சைக் கொடியோடு நிற்பது மரியாதைக்காக அல்ல. அச்சு சூடேறிப் புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா, கதவு திறந்து கிடக்கிறதா என்று அவர்கள் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிப் பெட்டியில் 'எல்வி' (லாஸ்ட் வெஹிக்கிள்) பலகையோ சிவப்பு விளக்கோ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அது இருந்தால்தான் வண்டி முழுதாக வந்து சேர்ந்தது, நடுவில் அறுந்து பாதி பின்னால் நிற்கவில்லை என்று உறுதியாகும். அச்சுகளை எண்ணும் கருவிகள் இன்று இந்த வேலையைப் பெருமளவு ஏற்றுக்கொண்டுவிட்டன. கார்டு உட்காரும் பிரேக் வேனுக்குப் பதிலாகக் கடைசி வேகனில் ஒரு மின்னணுக் கருவியைப் பொருத்தும் முறையும் வந்துவிட்டது. கூட்ஸ் வண்டியின் வாலில் ஒரு மனிதர் உட்கார்ந்து போகும் காட்சியைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் இப்போதே எடுத்துவிடுவது நல்லது.

வேகனைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு ரேக், அதாவது ஒன்றாகக் கோத்த வேகன் வரிசை, நிறையச் சொல்லும். மேலே திறந்திருக்கும் பாக்ஸ்-என் வகையில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் போகும். மூடிய பி.சி.என். வகையில் அரிசி, சிமெண்ட், உரம். நீண்ட உருளைத் தொட்டிகளில் பெட்ரோலும் டீசலும். ஒவ்வொரு வேகனின் பக்கத்திலும் 11 இலக்க எண் எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. அடுத்த இரண்டு, அது எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது; 06 என்றால் தெற்கு ரயில்வே. அதற்கடுத்த இரண்டு, செய்யப்பட்ட ஆண்டு. பிறகு நான்கு இலக்க வரிசை எண்ணும், பிழையைக் கண்டுபிடிக்க ஒரு சரிபார்ப்பு இலக்கமும். தெளிவான ஒரு படத்தை வைத்துக்கொண்டு, இந்த வண்டியில் ஓடும் வேகன்களின் வயது என்ன, எந்தெந்த மண்டலத்து வேகன்கள் ஒரே ரேக்கில் கலந்திருக்கின்றன என்று யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம். 58 நிலக்கரி வேகன்கள் கோத்த ஒரு ரேக் 600 மீட்டருக்கு மேல் நீளும், 3,500 டன்னுக்கு மேல் சுமக்கும். அதே சுமையை லாரியில் ஏற்றினால் நூற்றைம்பது லாரியும் போதாது.

இந்த அரக்கோணம்–ஜோலார்பேட்டைப் பாதையில் ஒரே ஒரு கூட்ஸ் வண்டியை மட்டும் தமிழ்நாடே பார்த்தது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டி வேகன்களில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்தது. அன்று எடுத்த படங்கள் இல்லாமல் அந்தக் கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி இனி யாரும் எழுத முடியாது. ஆனால் அதே தண்டவாளத்தில் எதிர்த்திசையில், எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வெகுகாலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பகுதி ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்தில் வெட்டப்பட்டு, பாரதீப் வரை ரயிலிலும், அங்கிருந்து எண்ணூர் வரை கப்பலிலும் வந்து, மறுபடி ரயிலேறுகிறது. தண்ணீர் வந்த நாளில் கூடிய கூட்டம் நிலக்கரிக்குக் கூடவில்லை. பஞ்சம் வந்தால்தான் சரக்கு நம் கண்ணில் படுகிறது.

இதெல்லாம் ரயில்வேயின் கணினியில் இருக்கிறதே, படம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எந்த வேகன் எங்கே, எதை ஏற்றி நிற்கிறது என்பதை எஃப்.ஓ.ஐ.எஸ். என்ற அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் அது நிர்வாகம் தன் தேவைக்கு வைத்திருக்கும் கணக்கு. வேகனின் துரு, மூடிய தார்ப்பாய், பாதையோரத்து வீடுகள், கேட்டில் காத்து நிற்கும் சைக்கிள்கள் எதுவும் அதில் ஏறாது. அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் செய்ததை நினைத்துப் பார்க்கலாம். நிலக்கரி சுமந்த நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயில் நீராவி என்ஜின்களின் கடைசி ஆண்டுகளை 1955 முதல் அவர் படமெடுத்தார், அதிலும் பெரும்பாலும் இரவில், ஏராளமான ஃப்ளாஷ் பல்புகளை வைத்து. 1956-ல் எடுத்த ஒரு புகழ்பெற்ற படத்தில் திறந்தவெளித் திரையரங்கில் ஒரு ஜோடி காரில் உட்கார்ந்து படம் பார்க்கிறது. அவர்களுக்கு அப்பால் கூட்ஸ் வண்டி புகை கக்கிக்கொண்டு ஓடுகிறது. 1960-ல் அங்கே நீராவி முடிந்துபோனது. அந்த ஊர்கள் ரயிலோடு எப்படி வாழ்ந்தன என்பதை இன்று அந்தப் படங்கள்தான் காட்டுகின்றன, கம்பெனியின் கணக்கேடுகள் அல்ல.

லிங்கிடம் நம்மவர்கள் கற்க வேண்டியதும் இதுவே: என்ஜினைத் தாண்டியும் பார்ப்பது. நம் ரயில் ரசிகர்களின் படங்களில் என்ஜின் பளிச்சென்று நிற்கிறது. 12,000 குதிரைத்திறன் கொண்ட, மாதேபுராவில் செய்த இரட்டை என்ஜின் என்றால் கேட்கவே வேண்டாம். பின்னால் வரும் வேகன்கள் மங்கிப் போய்விடுகின்றன. அரக்கோணம்–ஜோலார்பேட்டைப் பாதை மேற்கு, தென்மேற்காகப் போவதால் மாலை வெயில் ஜோலார்பேட்டை நோக்கிப் போகும் வண்டியின் முகத்தில் நேராக விழும். சென்னைக்குத் திரும்பும் காலி வண்டியோ வெயிலை முதுகில் வாங்கி நிழலுருவாக வரும். வெளிச்சம் குறையும்போது ஷட்டரை மெதுவாக்கினால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடியில் 500-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 30-ல் ஒரு பங்கு என்றால் அரை மீட்டருக்கு மேல். எண் கரைந்து வெள்ளைக் கோடாகிவிடும். ஆகவே வெயில் இருக்கும்போதே வேகன்களை எடுத்து முடித்துவிட்டு, இருட்டியபின் விளக்குகளுக்குப் போவதுதான் முறை.

படம் எதற்கு என்ற கேள்வியைவிடப் பாதுகாப்பைப் பற்றிய ஆட்சேபம் கனமானது. ராணுவத் தளவாடங்கள் ஏற்றிய வண்டியை எடுக்காமல் விடுவதும், ஊழியர் வேண்டாம் என்றால் கேமராவை மூடுவதும் எளிய ஒழுங்கு. தண்டவாளத்தில் இறங்குவது வேறு விஷயம். ரயில்வே சட்டம் 1989-ன் 147-வது பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். மின்சார என்ஜின் சத்தமில்லாமல் நெருங்கிவிடும். ஒரு வண்டியின் இரைச்சலில் அடுத்த பாதையில் வருவது காதில் விழாது. எந்தப் படமும் தண்டவாளத்தில் இறங்கி எடுக்கத் தக்கதல்ல. நல்ல படங்களுக்கு மேம்பாலமும் பிளாட்பாரமும் போதும்.

இவற்றோடு ஒரு நோட்டும் வேண்டும். தேதி, நேரம், இடம், திசை, என்ஜின் எண், வேகன் வகை, சுமையா காலியா. சுமையைக் கண்டுபிடிப்பது கடினமல்ல: சுமை ஏறிய வேகனில் ஸ்பிரிங் அமுங்கியிருக்கும், ஓட்டம் கனத்த ஒலியோடு இருக்கும், காலி வேகன்கள் தகரம்போல் கடகடக்கும். கடைசியாக, பிரேக் வேன் இருந்ததா, அல்லது பின்வேகனில் கருவி மட்டும் மினுக்கியதா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.