பானி - க்ளைட்: 'கெத்து ஜோடி'யின் மறுபக்கம் என்ன?

சாய்த்து வைத்த தொப்பி, வாயில் சுருட்டு, கையில் துப்பாக்கி... பானி பார்க்கரின் அந்த பிளாக் அண்ட் வொயிட் போட்டோவை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். 'வாழ்ந்தா இப்படி வாழணும்' என்று இன்றும் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். நிஜத்தில் அவர்கள் எப்படித்தான் வாழ்ந்தார்கள்?

போட்டோ செய்த வேலை

1933 ஏப்ரலில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் ஜாப்லின் நகரில் இந்தக் கும்பல் பதுங்கியிருந்த வீட்டை போலீஸ் சுற்றி வளைத்தது. 2 போலீஸாரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தப்பியபோது, விட்டுச் சென்ற பொருட்களில் ஃபிலிம் சுருளும் இருந்தது. விளையாட்டாக எடுத்த படங்கள் அவை. பானி சுருட்டு பிடிப்பவரே இல்லை, சிகரெட்தான். ஆனால் பத்திரிகைகளில் படம் வந்ததும் இமேஜ் நிலைத்துவிட்டது.

பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. கடன் கட்ட முடியாதவர்களின் வீடு, நிலத்தை வங்கிகள் பறித்துக்கொண்டிருந்தன. வங்கியைக் கொள்ளையடிப்பவர் மீது ஜனங்களுக்கு ஒரு ரகசியப் பிரியம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால், இவர்கள் அதிகம் கொள்ளையடித்தது மளிகைக் கடைகளையும் பெட்ரோல் பங்க்குகளையும்தான்!

ஓடிக்கொண்டே இருந்த வாழ்க்கை

க்ளைட் பாரோ, ஈஸ்ட்ஹாம் சிறைப் பண்ணையில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர். அங்கே கடும் உழைப்பிலிருந்து தப்பிக்க, 1932-ல் 2 கால் விரல்களை வெட்டிக்கொண்டார். சில நாட்களிலேயே பரோலில் விடுதலை. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்தார்.

1933 ஜூனில் கார் கவிழ்ந்து, பானியின் வலது காலை பேட்டரி ஆசிட் பொசுக்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மாட்டிக்கொள்வார்கள். கடைசி வரை அவரால் சரியாக நடக்க முடியவில்லை. பல நேரம் க்ளைட்தான் தூக்கிக்கொண்டு போனார். தூக்கம் பெரும்பாலும் காரில், குளியல் ஓடையில்.

விலை கொடுத்தவர்கள்

இந்தக் கும்பல் கொன்றதாகக் கருதப்படுபவர்கள் 13 பேர். அதில் 9 பேர் போலீஸார்.

1934 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. டெக்சாஸின் கிரேப்வைன் அருகே சாலையோரம் நின்ற காரை விசாரிக்க வந்த 2 ரோந்து போலீஸார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் மர்ஃபிக்கு அடுத்த சில நாட்களில் கல்யாணம். மணக்கோலத்தில் நிற்க வேண்டிய பெண், அதே கல்யாண உடையில் இறுதிச் சடங்குக்கு வந்தார். அதுவரை ரசித்த ஜனங்களின் மனசு மாறியது அப்போதுதான்.

முடிவு எப்படி?

1934 மே 23, லூசியானா. கூட்டாளி ஒருவரின் அப்பாவுடைய லாரி சாலையோரம் நிற்பதைப் பார்த்து க்ளைட் வேகத்தைக் குறைத்தார். புதரில் காத்திருந்த 6 அதிகாரிகள் சுமார் 130 ரவுண்டு சுட்டார்கள். க்ளைட்டுக்கு 25 வயது, பானிக்கு 23. கூடிய கூட்டம் பானியின் தலைமுடியையும் துணியையும் 'ஞாபகார்த்தமாக' வெட்டி எடுத்தது. ஒருவர் க்ளைட்டின் காதையே வெட்டப் பார்த்தார்.

1967-ல் வந்த ஹாலிவுட் படம் 2 ஆஸ்கர் வாங்கியது. இருவரையும் ஃபேஷன் அடையாளமாகவே மாற்றியது. இறந்தபோது பானியின் விரலில் இருந்தது 15 வயதில் கட்டிய கணவரின் மோதிரம். விவாகரத்து ஆகவே இல்லை. க்ளைட் பக்கத்தில் புதைக்கவும் பானியின் அம்மா சம்மதிக்கவில்லை. டல்லஸில் இன்றும் இருவரும் வெவ்வேறு கல்லறைத் தோட்டங்களில்தான் கிடக்கிறார்கள்.