கவிதை வந்தால் பக்கத்தைப் புரட்டுகிறீர்களா?

உண்மையைச் சொல்லுங்கள். சஞ்சிகை கைக்கு வந்ததும் சிறுகதையைப் படிக்கிறீர்கள். சமையல் குறிப்பைப் படிக்கிறீர்கள். கேள்வி பதிலைக்கூட விடுவதில்லை. கவிதைப் பக்கம் வந்தால் மட்டும் விரல் தானாகவே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. கேட்டால், "இந்தக் காலத்துக் கவிதை யாருக்கு விளங்குது?" என்கிறீர்கள்.

இதைச் சொல்பவர் மட்டக்களப்பு வாவிக்கரையைச் சேர்ந்தவர் என்றால் எனக்கு வியப்பாக இருக்கும். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தண்ணீருக்குள்ளிருந்து இசை கேட்கிறது என்று 'மீன்பாடும் தேனாடு' எனப் பெயர் பெற்ற மண் அல்லவா இது! மீன் பாடுவதை நம்புகிற நாம், மனிதன் பாடுவது விளங்கவில்லை என்று சொல்லலாமா?

மூத்தம்மாவின் 'கவி'

முதலில் உங்கள் வீட்டுக்குள்ளேயே பாருங்கள். வயற்காவலுக்குப் பரணில் விழித்திருந்த ஆண்களும், பாய் இழைத்துக்கொண்டிருந்த பெண்களும் 'கவி' சொன்னார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நாலே அடியில் ஒரு வாழ்க்கையைச் சொல்லி முடித்தார்கள். முன்னடிகளில் மழையோ, நிலவோ, வயலோ வரும். பின்னடிகளில் மச்சானுக்காகக் காத்திருக்கும் மனம் வரும். மழைக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு என்று யாரும் விளக்கவில்லை. கேட்டவர்களும் கேள்வி கேட்கவில்லை, விளங்கிக்கொண்டார்கள்.

இன்றைய கவிதையும் இதைத்தான் செய்கிறது! சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் அனார், கிழக்கிலங்கையின் நாட்டார் காதல் பாடல்களைத் தொகுத்து 2013இல் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற பெயரில் நூலாக்கினார். 'எனக்குக் கவிதை முகம்' போன்ற புதுக்கவிதைத் தொகுதிகளைத் தந்தவரும் அவரேதான். பழைய கவியும் புதிய கவிதையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அழாமல் அழவைத்த கவிதை

கல்முனைக்குடியில் 1944இல் பிறந்தவர் எம்.ஏ. நுஃமான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர். பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணனைப் போலவே, யாப்புக்குள்ளும் பேச்சின் ஓசையைக் கொண்டுவந்தவர்.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதையொட்டி நுஃமான் எழுதியதுதான் 'புத்தரின் படுகொலை'. நூல்கள் எரிந்ததே என்று அவர் ஒப்பாரி வைக்கவில்லை. ஒரு கனவைச் சொல்கிறார். நூலகப் படியில் புத்தர் சுடப்பட்டுக் கிடக்கிறார். கொன்றவர்களும் அமைச்சர்களும் அலுவலக விஷயம்போலப் பேசிக்கொள்கிறார்கள். பிறகு உடலைப் புத்தகங்களோடு எரிக்கிறார்கள். அவ்வளவுதான்!

இதில் கைத்திறன் எங்கே இருக்கிறது? கவிஞர் எங்கும் கோபப்படவில்லை என்பதில் இருக்கிறது. கொலையாளிகள் அமைதியாகப் பேசப் பேச நமக்குத்தான் நெஞ்சு கொதிக்கிறது. எரித்தவர்களின் மதத்தை அவர் பழிக்கவும் இல்லை. 'உங்கள் புத்தரையே அல்லவா கொன்றுவிட்டீர்கள்' என்று உணரவைக்கிறார். இதை ஆயிரம் மேடைப் பேச்சு செய்துவிடுமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். எரிந்தது யாழ்ப்பாணத்து நூலகம், அழுதது கல்முனை முஸ்லிம் கவிஞர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டன. ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் பிறந்த மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஒரே வாவியின் மீனை உண்டவர்கள் ஒருவரையொருவர் அஞ்சினோம். அப்படியானால் நுஃமானின் கவிதை பொய்த்துப்போயிற்றா? இல்லை. அடுத்தவன் வீட்டு நெருப்பு நம்மையும் சுடவேண்டும் என்று அது சொன்னது. அதை மறந்த நாட்களில்தான் நாம் எல்லாரும் எரிந்தோம்.

பூனையும் காகமும்

அந்த நெருக்கடிக் காலத்தில் கல்முனையிலிருந்து எழுதியவர் சோலைக்கிளி. 'நானும் ஒரு பூனை', 'காகம் கலைத்த கனவு', 'பாம்பு நரம்பு மனிதன்' என்று அவருடைய நூல்களின் பெயர்களே நம்மை நிறுத்திவிடும். இதென்ன கிறுக்கு என்று தள்ளிவிடாதீர்கள். வாய் திறந்து பேச முடியாத காலத்தில், முற்றத்துப் பூனைக்கும் வேலிக் காகத்துக்கும் கவிஞன் தன் நாவை இரவல் கொடுக்கிறான். பயந்து வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பாஷை விளங்கும்.

எப்படி வாசிப்பது?

கவிதையை வாய்விட்டு வாசியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓசை காதுக்குத் தெரியும். பொருள் என்ன என்று உடனே கேட்காதீர்கள். என்ன காட்சி தெரிகிறது என்று கேளுங்கள். கவிஞர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று தேடுங்கள், உயிர் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மறுநாள் இன்னொரு முறை வாசியுங்கள். அப்போதும் ஒட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள். எல்லாக் கவிதையும் எல்லாருக்கும் அல்ல. சில கவிதைகள் நல்ல கவிதைகளும் அல்ல!

இன்றிரவு ஒரு காரியம் செய்வீர்களா? மூத்தம்மா இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்குத் தெரிஞ்ச கவி ஒண்டு சொல்லுங்க" என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார். "போ புள்ள, அதெல்லாம் மறந்து போச்சு" என்பார். விடாதீர்கள். ஒரு கவியாவது வரும். அதை அவர் சொன்னபடியே, ஓர் எழுத்தும் திருத்தாமல் கொப்பியில் எழுதிவையுங்கள். யாழ்ப்பாணத்து நூலகத்துக்கு நெருப்பு வைக்க ஆள் வேண்டியிருந்தது. மூத்தம்மாவின் நெஞ்சிலுள்ள நூலகம் அழிவதற்கு யாரும் நெருப்பு வைக்க வேண்டியதில்லை, நாம் கேட்காமல் இருந்தாலே போதும்.